பையன் கெடுவது தெருவாலா, சேர்க்கையாலா?

கேள்வி: ஐயா, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மலேசியாவில் ஓட்டல் வேலை பார்க்கிறார். நான் கல்யாணப் பலகாரம் போடும் இடத்துக்கு வேலைக்குப் போகிறேன். முகூர்த்த மாதம் என்றால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். இளையவனுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன். எங்கள் தெரு ஒரு பெரிய வீட்டின் பின்வாசல் தெரு. அந்த வீட்டில் பல வருஷமாக ஆள் இல்லை. பின்வாசல் படியில்தான் பையன்கள் சாயங்காலம் கூடுவார்கள். அதில் இருபத்து மூன்று வயதுக்காரன் ஒருவனும் உண்டு. போன மாதம் அந்த வீட்டுக்குள் புகுந்து பித்தளைச் சாமான், இனாமல் பாத்திரம் எல்லாம் எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள் என்று போலீஸ் வந்தது. என் மகனையும் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். பிறகு பார்த்தால் அவன் துணி அலமாரியில் ஒரு பித்தளைக் கதவுக் குமிழ் இருக்கிறது. கேட்டதற்கு, "யாருக்கும் வேண்டாத சாமான்தானேம்மா, மக்கித்தானே போகுது" என்கிறான். பொய் சொல்ல மாட்டேன் ஐயா, அந்தத் தோட்டத்தில் விழுகிற தேங்காயையும் மட்டையையும் நாங்களும் எடுத்திருக்கிறோம். என் அண்ணன், "அந்தத் தெருவே அப்படித்தான் ஆத்தா, வேற இடம் பாரு" என்கிறார். கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "படிப்பு போதும், இங்க அனுப்பிவிடுங்க" என்கிறார். இடம் பிள்ளையைக் கெடுக்குமா, சேர்க்கை கெடுக்குமா? அவனை அனுப்பிவிடட்டுமா? அந்தக் குமிழை என்ன செய்வது? அவன் அப்பாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

திருப்பூருக்கு அனுப்ப வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் பஸ் ஏற்றிவிடப் போகிறீர்களே என்று இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பையன் பிடிபட்ட வீட்டில் போய் உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது நீங்கள் கேட்ட இந்த இரண்டும்தான்: தெரு சரியில்லை, சேர்க்கை சரியில்லை. இரண்டையும் சமூகவியலில் நூறு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உங்கள் அண்ணன் சொல்கிற அர்த்தத்தில் இல்லை.

தெருவை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் சிகாகோ நகரில் கிளிஃபோர்ட் ஷா என்று ஒருவர் இருந்தார். ஆராய்ச்சிக்கு வருமுன் அவரும் நன்னடத்தை அலுவலர் வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-ல் வந்தது அந்த ஊரில்தான். அங்கே கொண்டுவரப்பட்ட பையன்களின் வீடு எங்கே இருக்கிறது என்று ஷாவும் அவருடைய கூட்டாளி ஹென்றி மெக்கேயும் ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். பத்து இருபது வருஷப் பதிவு இல்லை, அதற்கும் மேல். 1942-ல் அது புத்தகமாக வந்தது. நகரத்தின் நடுவை ஒட்டி, தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஏழைக் குடியிருப்புகளில் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. வெளியே போகப் போகக் குறைந்தன. இவ்வளவும் யாரும் ஊகித்திருக்கக் கூடியதுதான். ஊகிக்க முடியாதது ஒன்று இருந்தது. அந்தத் தெருக்களில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் காசு பார்த்ததும் வெளியேற, போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்து சேர்ந்தார்கள். பிறகு தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். ஆள் அடியோடு மாறியும் அந்தப் பகுதியின் கணக்கு மாறவில்லை. வெளியேறிப் போனவர்களின் பிள்ளைகள் புது இடத்தில் நீதிமன்றப் படி ஏறுவதோ குறைந்துபோனது.

அதாவது குறை அந்த மக்களின் பிறப்பிலோ வம்சத்திலோ இல்லை. நம் பக்கத்தில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1947-ல்தான் நம் மாகாணத்தில் அது ஒழிந்தது. சட்டம் போய்விட்டது, "அந்தத் தெருவே அப்படித்தான்" என்ற பேச்சு மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. அண்ணன் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு பையன் காதுபட இதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவனும் ஒருநாள் நம்பிவிடுவான். அவரிடம் இதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மகன் முன்னால் அந்த வார்த்தை வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஷா வைத்த புள்ளிகள் எல்லாம் நீதிமன்றப் பதிவிலிருந்து எடுத்தவை. போலீஸ் அடிக்கடி போகிற தெருவில் அதிகம் பேர் பிடிபடுவார்கள். பெரிய வீட்டுப் பையன் செய்கிற அதே காரியம் வக்கீல் மூலமாக வாசலிலேயே முடிந்துவிடும். வரைபடத்தைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷாவின் மோசமான பகுதிகளில்கூடப் பெரும்பாலான பையன்கள் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. உங்கள் வீட்டிலேயே பாருங்கள். அதே தெருவில், அதே கூரைக்குக் கீழே வளர்ந்த மூத்தவள் நர்சிங் படிக்கிறாள்.

சரி, இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ஷாவும் மெக்கேயும் சொன்னது இது. வறுமை, ஆள் வருவதும் போவதுமாக இருப்பது, ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது, இவை சேர்ந்தால் பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்காணிப்பது தளர்ந்துபோகும். சிகாகோவில் ஆட்கள் வந்து குவிந்ததால் வந்த வினை அது. செட்டிநாட்டில் தலைகீழ், நமக்கு வினை வந்தது ஆட்கள் போனதால். ஒரு காலத்தில் உங்கள் தெருவின் அந்தப் பெரிய வீட்டில் எத்தனை பேர் நடமாடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆச்சிகள், கணக்கப்பிள்ளை, சமையல்காரர், வண்டிக்காரர், மாடு பார்க்கிறவர். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீட்டில் பின்வாசல்தான் வேலைக்காரர்கள் வந்துபோகும் வழி. அங்கே ஒரு பையன் காரணமில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாது. "யாருடா நீ, இன்னார் மகன்தானே?" என்று கேட்க ஆள் இருந்தது. பர்மாவில் யுத்தம் வந்து தொழில் போனது, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், வீடு பங்காளிகள் பல பேருக்குப் பொதுவாகி யாரும் திறக்காத வீடாயிற்று. முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருஷத்தில் இரண்டு நாள் விளக்கு எரியும், மற்ற நாள் எல்லாம் பின்வாசல் இருட்டு. இந்தப் பக்கம் தெருவில் மிஞ்சியிருக்கிற உங்களைப் போன்றவர்களும் சாயங்காலம் வேலையில் இருக்கிறீர்கள்.

1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வசதி கூடியது, கூடவே திருட்டும் கூடியது. ஏன்? ஆணும் பெண்ணும் வேலைக்குப் போக வீடு பகலில் காலியாக இருந்தது, தொலைக்காட்சி போன்ற சாமான்களோ வருஷத்துக்கு வருஷம் எடை குறைந்து தூக்கிக்கொண்டு போக வசதியாயின. அவர்கள் கணக்கில் குற்றத்துக்கு மூன்று வேண்டும். செய்ய மனசுள்ள ஆள், எடுக்கத் தோதான பொருள், தடுக்க யாரும் இல்லாமை. மூன்றும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். உங்கள் தெருவில் அது அப்படியே நடந்திருக்கிறது. பர்மாத் தேக்குத் தூணைப் பையன்கள் தூக்க முடியாது. கதவுக் குமிழ் கால்சட்டைப் பைக்குள் போய்விடும்.

அதில் நான்காவதாக ஒரு ஆளையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. வாங்குகிறவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வீட்டுக்காரர்களே பங்கு பிரித்துச் சாமானை விற்கிற முறையான வியாபாரம் அது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பையன்கள் சாக்கில் பழைய பித்தளை கொண்டுவந்து போடும்போது "எங்கேயிருந்துடா?" என்று கேட்காமல் எடை போட்டுக் காசு கொடுத்த இரும்புக் கடைக்காரர் இருக்கிறாரே, அவர் அன்றைக்கு அந்தப் பையன்களுக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். பெரியவர்கள் உலகத்தில் கேள்வி கிடையாது என்ற பாடம்.

பாடம் என்றதும் சேர்க்கைக்கு வந்துவிட்டோம். எட்வின் சதர்லேண்ட் என்ற சமூகவியலாளர் 1939-ல் ஒரு கோட்பாட்டை எழுதி, 1947-ல் ஒன்பது கூற்றுகளாக அதைத் திருத்தி வைத்தார். சாரம் இதுதான். குற்றம் என்பது தையல் மாதிரி, சமையல் மாதிரி, நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிற விஷயம். கற்றுக்கொள்வது பூட்டைத் திறக்கும் வித்தையை மட்டும் இல்லை. அதைச் செய்யலாம் என்ற நியாயத்தையும் சேர்த்துத்தான். சட்டத்தை மீறினால் என்ன என்கிற பேச்சு ஒருவன் காதில் அதிகம் விழுந்து, மீறக் கூடாது என்கிற பேச்சு குறைவாக விழுந்தால் தராசு அந்தப் பக்கம் சாயும். எத்தனை முறை கேட்டான், எவ்வளவு காலம் கேட்டான், எந்த வயதில் கேட்கத் தொடங்கினான், சொன்னவர் மேல் அவனுக்கு எவ்வளவு மதிப்பு என்ற நான்கும் கணக்கில் வரும். ஏழைப் பையன்களுக்காக மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை. கோட்டு சூட்டுப் போட்ட கம்பெனி முதலாளிகள் செய்யும் மோசடிக்கும் இதே விளக்கம்தான் என்று அதே 1939-ல் மேடையில் பேசியவர் அவர்.

நீங்கள் நினைப்பது போல, ஒரு கெட்டவன் வந்து தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் சமாசாரம் இல்லை இது. 1966-ல் ராபர்ட் பர்ஜஸும் ரொனால்ட் ஏக்கர்ஸும் இதில் ஒரு முக்கியமான துண்டைச் சேர்த்தார்கள். செய்த பிறகு என்ன கிடைக்கிறது என்பது. காசு, பாராட்டு, பயம், அடி எல்லாம் அதில் அடக்கம். பதினாறு வயதில் காசைவிடப் பெரிய கூலி ஒன்று இருக்கிறது. கூட்டாளிகளின் சிரிப்பு. ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர் பதின்வயதுப் பையன்களை நண்பர்கள் இருவர் இருவராக உட்காரவைத்துப் பேசவிட்டு வீடியோ எடுத்தார். யார் விதியை மீறிய கதைகளுக்குச் சிரிப்பு வாங்கினார்களோ, அவர்கள்தான் பின்னாளில் அதிகம் தவறு செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. விசாரணைக்கு வந்து வராந்தாவில் காத்திருக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகும்போது முகம் வெளிறியிருக்கும், கை நடுங்கும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆனதும் ஒருவன் ஆரம்பிப்பான், "நாய் குரைச்சப்ப இவன் ஓடுன ஓட்டத்தப் பாக்கணுமே." பெஞ்சே குலுங்கும். அழுதுகொண்டிருந்தவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். உள்ளே நாங்கள் சொன்ன புத்தி அத்தனையும் அந்த ஒரு சிரிப்பில் போய்விடும்.

உங்கள் மகனுக்கு அந்தப் பின்வாசல் படியில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். காசு ஒன்றும் பெரிதாக வந்திருக்காது. குமிழை விற்காமல் அலமாரியில் வைத்திருக்கிறானே, அதிலேயே தெரிகிறது. இருபத்து மூன்று வயதுக்காரன் ஒருவன் அவனைப் பெரிய ஆள் போல நடத்துகிறான். அப்பா ஊரில் இல்லை, அம்மா வரும்போது களைத்து வருகிறார். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவனை ஒரு பொருட்டாக மதிக்கும் இடம் அந்தப் படி ஒன்றுதான். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் தேன்குழலும் மணகோலமும் பிழிவதால்தான் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான்.

இப்போது அவன் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். "யாருக்கும் வேண்டாத சாமான்தானேம்மா, மக்கித்தானே போகுது." உங்களுக்குப் பயமாக இருந்திருக்கும். எனக்கு இந்தக் கடிதத்திலேயே நம்பிக்கை தந்த வரி இதுதான். 1957-ல் கிரேஷம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற இருவர் ஒன்றைக் கவனித்தார்கள். தவறு செய்யும் பையன்களில் பெரும்பாலோர் சரி தவறு தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததால்தான் மனசைச் சமாதானப்படுத்த ஒரு சாக்குத் தேவைப்படுகிறது. நான் என்ன செய்வேன், கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்பது ஒன்று. இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது ஒன்று. அவனுக்கு இது வேண்டியதுதான், போலீஸ்காரன் மட்டும் யோக்கியமா, நண்பனை விட்டுக்கொடுக்கலாமா என்று மொத்தம் ஐந்து சாக்குகளை வரிசைப்படுத்தினார்கள். உங்கள் மகன் சொன்னது அதில் இரண்டாவது. சாக்கு தேடுகிறவனுக்கு மனசாட்சி வேலை செய்கிறது. அது மரத்துப்போனவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவான்.

ஆனால் அந்தச் சாக்கை அவன் எங்கே கற்றான்? அந்த இருபத்து மூன்று வயதுக்காரனிடம் மட்டும்தானா? தேங்காய் விஷயத்தை நீங்களே மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் தயங்காமல் சொல்கிறேன். உங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லோரும் அந்த வீட்டைப் பற்றி அப்படித்தான் பேசியிருப்பார்கள். "பங்காளிக பத்துப் பேரு, ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்ல, அவுகளா வந்து கேக்கப் போறாக?" விழுந்த தேங்காயை எடுப்பதும் உள்ளே புகுந்து பித்தளையைக் கழற்றுவதும் ஒன்றில்லை. உங்களுக்கு அது தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் மட்டையைக்கூட எடுக்காதீர்கள், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்பதை மகன் பார்க்கட்டும். உபதேசம் எதுவும் வேண்டாம்.

இடம் மாற்றுவது பற்றி. 1994-லிருந்து 1998 வரை அமெரிக்க அரசாங்கமே ஐந்து பெருநகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஏழைக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். தெருதான் கெடுக்கிறது என்றால் போனவர்கள் எல்லோரும் திருந்தியிருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நன்மை தெரிந்தது. பையன்களிடம் அடிதடி வழக்குகள் முதலில் குறைந்தன, ஆனால் திருட்டு போன்ற வழக்குகளில் பிடிபடுவது கூடியது. டெல்லியில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2016-ல் அந்தப் பிள்ளைகளின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்ததும் நன்றாகச் சம்பாதித்தார்கள். 13-க்கு மேல் மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவரை இருந்த உறவுகளை அறுத்துக்கொண்டு போவதே ஒரு நஷ்டம்.

சிகாகோவும் பாஸ்டனும் திருப்பூர் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்குப் பதினாறு. படிப்பு பாதியில் நிற்கும். ஓவர்டைம் பார்க்கும் சித்தப்பா அறைக்கு வர ராத்திரி ஆகும். அறையில் கூட இருக்கப்போவது முன்பின் தெரியாத, சம்பளம் வாங்கும் வயதுப் பையன்கள். இங்கே ஒரு இருபத்து மூன்று வயதுக்காரன், அங்கே எட்டுப் பேர். இங்கே அவனை "இன்னார் மகன்" என்று தெரிந்தவர்கள் ஐம்பது பேராவது இருக்கிறார்கள், அங்கே ஒருவரும் இல்லை. பையன்களைத் திருத்துகிறேன் என்று சொல்லும் கண்டிப்பான விடுதிகளை யாராவது சிபாரிசு செய்தாலும் வேண்டாம். தவறான வழியில் போகக்கூடிய பையன்களைத் திருத்துவதற்காக ஒரே குழுவாகச் சேர்த்துவைத்தால் ஒருவருக்கொருவர் வாத்தியாராகிவிடுகிறார்கள் என்று டிஷியன், ஜோன் மெக்கார்ட் குழுவினர் 1999-லேயே காட்டிவிட்டார்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? சிகாகோவுக்கே இன்னொரு தரம் போக வேண்டும். 1997-ல் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் மூவரும் அந்த நகரின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டறிந்ததை வெளியிட்டார்கள். கேட்ட கேள்விகளைப் பார்த்தால் ஏதோ நம் திண்ணைப் பேச்சு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? சுவரில் கிறுக்கினால்? பெரியவரை ஒரு சிறுவன் மரியாதையில்லாமல் பேசினால்? வீட்டு வாசலில் சண்டை நடந்தால்? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போவதாகச் சொன்னால் ஒன்றுசேர்ந்து தடுப்பார்களா? கூடவே, அக்கம்பக்கத்தாரை நம்பலாமா என்பதையும் கேட்டார்கள். கேட்பார்கள், நம்பலாம் என்ற பதில் அதிகம் வந்த பகுதிகளில், ஒரே அளவு வறுமை இருந்தும் வன்முறை குறைவாக இருந்தது. ஜன்னல் ஒன்று உடைந்து கிடந்தால் அதைப் பார்த்தே குற்றம் பெருகும் என்று 1982-ல் வந்த ஒரு கட்டுரை போலீஸ் அதிகாரிகளிடம் ரொம்பப் பிரபலம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உடைந்த ஜன்னல் செட்டிநாடு முழுக்கக் கிடக்கிறது. அந்த ஜன்னலுக்கு எதிரே யார் இருக்கிறார்கள், அவர்கள் வாயைத் திறப்பார்களா என்பதுதான் விஷயம்.

நம் ஊர்களில் இந்த வழக்கம் செத்துப்போகவில்லை. அம்மன் கோயில் திருவிழாவில் பாருங்கள். பத்து நாளைக்கு எந்தப் பெரியவரும் எந்தப் பையனையும் அதட்டலாம், அந்தப் பையனின் அம்மா சண்டைக்கு வரமாட்டார். படியில் வெட்டியாக உட்காரும் அதே பையன்கள் அன்னதானத்துக்கு அண்டாத் தூக்குவார்கள், பால்குடக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், யாரும் சொல்லாமல் இலை எடுப்பார்கள். காப்பு அவிழ்த்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "ஊரான் பிள்ளையை நான் ஏன் கேக்கணும்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

உங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்தால் போதும், இருபது தேவையில்லை. அந்தப் பையன்களின் அம்மாக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். யார் பிள்ளை யாரைக் கெடுத்தான் என்ற பேச்சை எடுத்தால் அன்றோடு முடிந்தது, அதைத் தொடவே வேண்டாம். ஒன்றை மட்டும் பேசி முடியுங்கள்: நம் பிள்ளைகளை நம்மில் யார் பார்த்தாலும் கேட்கலாம், கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆறு முதல் ஒன்பது வரை வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். டீக்கடைக்காரர், பூக்கட்டுகிற அம்மா, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று யாராவது இருப்பார்கள். படிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு அவர்களில் ஒருவர் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த வீட்டுக்காரர்களில் யாரையாவது பிடித்து, பின்வாசலுக்கு ஒரு விளக்குப் போடவும் உள்ளூர் ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கவும் கேளுங்கள். திருட்டுப் போன சூட்டில் இப்போது காது கொடுப்பார்கள். ஷாவே பிற்காலத்தில் வரைபடத்தை மூடி வைத்துவிட்டு இந்த வேலைக்குத்தான் போனார். 1930-களில் சிகாகோவில் அந்தந்தப் பகுதி ஆட்களையே சேர்த்து, அவர்கள் கையிலேயே பிள்ளைகள் பொறுப்பைக் கொடுத்தார்.

மகனுக்கு அந்த மூன்று மணி நேரத்தில் வேறு இடம் வேண்டும். "அவனோடு சேராதே" என்று மட்டும் சொன்னால் ரகசியமாகச் சேர்வான். அவனை மதிக்கிற, அவனைவிட மூத்த ஆள் ஒருவர் வேறெங்காவது வேண்டும். மெக்கானிக் கடையோ, ஆத்தங்குடிக்கல் போடும் பட்டறையோ, கபடிக் குழுவோ, அக்காவிடம் சொல்லி ரத்ததானக் குழுவோ, எதில் அவனுக்குக் கை ஓடுமோ அதில். பள்ளி முடிந்து இரண்டு மணி நேரம், படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல். அங்கே அவன் சொல்கிற ஜோக்குக்கும் நாலு பேர் சிரிக்க வேண்டும், அது ரொம்ப முக்கியம்.

குமிழ் விஷயம். அதை ஊரணியில் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். மகனே ஸ்டேஷனுக்குத் தனியாகக் கொண்டுபோவதும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பெண்களுக்கும் சிறார்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். முதலில் அவரைப் பாருங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் சொல்கிற வழியில் பொருளைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது மகன் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வீட்டு ஆள் ஒருவரின் முகத்தை அவன் நேரில் பார்க்கட்டும். யாருக்கும் வேண்டாத சாமான் என்ற பேச்சு அந்த முகத்துக்கு முன்னால் நிற்காது.

2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையாதவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வழக்கு என்று வந்தால் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். பையன் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ இதைத் தடையாகக் காட்டவும் முடியாது. இதெல்லாம் உங்கள் தைரியத்துக்காகச் சொல்கிறேன், மகனிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதற்காக இல்லை. திரும்ப விசாரணைக்குக் கூப்பிட்டால் நீங்களும் கூடப் போங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். கொழுந்தனார் வாயிலிருந்து போவதற்கு முன் உங்களிடமிருந்து போக வேண்டும். மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். கடல் கடந்து இருக்கிறவருக்கு இப்படி ஒரு சேதி வந்தால் அடிக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது, போனில் கத்தத்தான் தோன்றும். அந்தக் கத்தல் உங்களோடு முடியட்டும். மறுநாள் அவர் மகனைக் கூப்பிடும்போது திருட்டைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்கட்டும், அவன் சொல்வதை முழுக்கக் கேட்கட்டும். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாளாவது சாயங்காலம் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், ஓட்டல் வேலைக்கு இடையில் எந்த நேரம் தோது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை எப்படி, சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பை அவரே மகனிடம் நேரடியாக ஒப்படைக்கட்டும். கரண்ட் பில்லோ, பேங்க் வேலையோ, அக்காவின் காலேஜ் ஃபீஸ் கட்டுவதோ எதுவானாலும் சரி. முடித்துவிட்டு அப்பாவுக்கு அவனே போன் போட்டுச் சொல்ல வேண்டும்.